மலைமுதுகுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்: கங்வோன் பற்றி வாசகர் கேள்விகள்

போன மாத இதழில் தென்கொரியாவின் கங்வோன் மாகாணத்தைப் பற்றி நான் எழுதிய பயணக் கட்டுரைக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அந்த மாகாணத்தின் தலைநகரான சுன்சோனில் ஆறு வருடம் இருந்தேன். ஒரு வன ஆய்வுக்கூடத்தில் வேலை. மண்ணையும் மரத்தையும் பார்க்கத்தான் போனேன். ஆனால் மலைக்கிராமங்களில் மண் மாதிரி எடுக்கப் போகும்போதெல்லாம் யாராவது ஒரு பெரியவர் உட்கார வைத்துக் கதை சொல்லிவிடுவார். அந்தக் கதைகளும் சேர்ந்துதான் எனக்குக் கங்வோன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வரைபடத்தில் வடகொரியாவிலும் ஒரு கங்வோன் இருக்கிறதே, அச்சுப் பிழையா? (பத்தாம் வகுப்பு மாணவி, கரூர்)

பிழை இல்லை கண்ணு. இரண்டு நாட்டிலும் கங்வோன் இருக்கிறது. ஒரே மாகாணம்தான் இரண்டாக வெட்டப்பட்டுக் கிடக்கிறது.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். 1392-ல் ஜோசோன் அரசு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாகாணங்களைப் பிரித்தபோது, பெரும்பாலானவற்றுக்கு அங்கே இருந்த இரண்டு பெரிய ஊர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். கங்நுங் என்ற கடலோர ஊரில் இருந்து ‘கங்’, மலைக்கு மேற்கே இருக்கும் வோன்ஜுவில் இருந்து ‘வோன்’. 1395-ல் கங்வோன் பிறந்தது. மாகாண ஆளுநர் வோன்ஜுவில் உட்கார்ந்து ஐந்நூறு ஆண்டு ஆட்சி நடத்தினார். அந்த ஆளுநர் அலுவலகக் கட்டடம் இன்றும் வோன்ஜு கடைவீதிக்கு நடுவில் இருக்கிறது. 1896-ல் தலைநகர் சுன்சோனுக்கு மாறியது.

1945-ல் ஜப்பான் சரணடைந்ததும் 38-வது அட்சரேகையில் கோடு போட்டார்கள். அந்தக் கோடு மலையைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்க்கவில்லை. மாகாணத்தை நேராக அறுத்துக்கொண்டு போனது. பிறகு 1950-ல் போர், 1953-ல் போர்நிறுத்தம். புதிய கோடு கிழக்குக் கடற்கரைப் பக்கம் வடக்கே ஏறிப்போனதால், ஐந்து வருடம் வடகொரியாவாக இருந்த சோக்சோ, இன்ஜே, யாங்கு, ஹ்வாசோன் போன்ற ஊர்கள் தெற்கே வந்தன. கோசோங், சோர்வோன் என்ற இரண்டு வட்டங்கள் கோட்டிலேயே மாட்டிக்கொண்டன. அதனால் இன்று தெற்கே ஒரு கோசோங், வடக்கே ஒரு கோசோங். தெற்கே ஒரு சோர்வோன், வடக்கே ஒரு சோர்வோன். வடக்குக் கங்வோனுக்குத் தலைநகர் வோன்சான் துறைமுகம். வோன்சான் முன்பு வேறு மாகாணத்தில் இருந்த ஊர், 1946-ல்தான் கங்வோனோடு சேர்த்தார்கள்.

தெற்குப் பகுதி மட்டும் சுமார் 16,800 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை பதினைந்து லட்சத்தை ஒட்டி. பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடும் மலையும். 2023 ஜூன் 11 முதல் ‘கங்வோன் சிறப்புத் தன்னாட்சி மாகாணம்’ என்று நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். ஊரில் எல்லாரும் கங்வோன் என்றுதான் சொல்கிறார்கள்.

‘மலை தாண்டினால் வேறு நாடு’ என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவில்லையா? (வாசகர், திருநெல்வேலி)

கூட்டிச் சொல்லவில்லை. ஒருமுறை பிப்ரவரியில் வோன்ஜுவில் பஸ் ஏறினேன். நல்ல வெயில், தரை காய்ந்து கிடந்தது. பஸ் மெதுவாக மேலே ஏறி, தேக்வல்யோங் கணவாயின் சுரங்கங்களுக்குள் நுழைந்தது. ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சுரங்கங்கள். கடைசிச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே ஒன்றும் தெரியவில்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது. கங்நுங் பஸ் நிலையத்தில் இறங்கினால் முழங்கால் வரை புதைகிறது. ஒரே நாள், ஒரே மாகாணம்.

தேபெக் மலைத்தொடர் கிழக்குக் கடலை ஒட்டி வடக்கு தெற்காக ஓடுகிறது. மேற்குப் பக்கம் சரிவு நீளமாகவும் மெதுவாகவும் இறங்கும். கிழக்குப் பக்கம் சட்டென்று கடலுக்குள் விழுந்துவிடும். குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று கடல்மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இந்தச் சுவரில் மோதுகிறது. அதனால்தான் கங்நுங்கில் பனி அப்படிக் கொட்டுகிறது. 2014 பிப்ரவரியில் ஒரு வாரத்துக்கு மேல் விடாமல் பெய்து ஒரு மீட்டரைத் தாண்டிவிட்டது.

வசந்தத்தில் கதை தலைகீழ். காற்று மேற்கே இருந்து வரும், மலை ஏறி இறங்கும்போது சூடாகிக் காய்ந்துபோய், வேகமெடுத்துக் கீழே விழும். யாங்யாங் ஊருக்கும் கான்சோங் ஊருக்கும் நடுவில் அடிப்பதால் அதற்கு ‘யாங்கான் காற்று’ என்றே பெயர். ஒரு தீப்பொறி போதும். 2000-ல் கிழக்குக் கரையில் 23,000 ஹெக்டேருக்கு மேல் காடு எரிந்தது. 2005 ஏப்ரல் 5 அன்று நக்சான்சா என்ற பழைய பௌத்த மடம் எரிந்தது. 1469-ல் வார்த்த மணி அந்தச் சூட்டில் உருகிப்போனது. ஏப்ரல் 5 கொரியாவில் மரம் நடும் நாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் யார் இதைச் சொன்னாலும் அடுத்த வார்த்தை பேசக் கொஞ்ச நேரம் ஆகும்.

மலைக்குக் கிழக்கே இருப்பதை ‘யோங்தோங்’, மேற்கே இருப்பதை ‘யோங்சோ’ என்பார்கள். கணவாய்க்குக் கிழக்கு, கணவாய்க்கு மேற்கு என்று அர்த்தம். கங்நுங்காரர்களின் பேச்சில் ஒரு ஏற்ற இறக்கம் இருக்கும், சுன்சோன்காரர்களிடம் அது கிடையாது. தேக்வல்யோங் 832 மீட்டர்தான். ஆனால் ரோடு இல்லாத காலத்தில் அதைத் தாண்டுவது பெரிய காரியம். தேர்வு எழுதத் தலைநகர் புறப்பட்ட ஒரு கங்நுங் படிப்பாளி நூறு உலர்ந்த சீமைப் பனிச்சைப் பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டாராம். வளைவுக்கு ஒன்றாகத் தின்றுகொண்டே போனார். கணவாய் முடிந்தபோது ஒரு பழம்தான் மீதி. அதனால் ‘தொண்ணூற்றொன்பது வளைவு’ என்று பெயர். கங்நுங்கில் பிறந்து தேக்வல்யோங்கைத் தாண்டாமலே செத்துப்போகிறவன் புண்ணியவான் என்று அங்கே ஒரு பேச்சும் உண்டு.

ஐம்பதாயிரம் வோன் நோட்டில் இருக்கும் ஓவியக் கலைஞர் ஷின் சைம்தாங் (1504–1551) கங்நுங்காரர். வயதான தாயை விட்டுவிட்டுக் கணவர் வீட்டுக்குப் போகும் வழியில், இந்தக் கணவாயில் நின்று பிறந்த ஊரைத் திரும்பிப் பார்த்து எழுதிய கவிதையை அங்கே படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் மகன் யுல்கோக் ஐயாயிரம் வோன் நோட்டில் இருக்கிறார். அம்மாவும் பிள்ளையும் பிறந்த வீடு ஒன்றே. கருமூங்கில் சூழ்ந்த அந்த வீடு இன்றும் கங்நுங்கில் இருக்கிறது.

2001-ல் சுரங்கப் பாதைகள் திறந்த பிறகு கணவாயைத் தாண்டச் சில நிமிடம்தான். ஆனால் தண்ணீர் விஷயத்தில் மலை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. 2002 ஆகஸ்ட் 31 அன்று ரூசா புயலில் கங்நுங்கில் ஒரே நாளில் 870.5 மில்லிமீட்டர் மழை பெய்தது. கொரியாவில் ஒரு நாள் மழைக்கு அதுதான் உச்சம். அதே கங்நுங்கில் 2025 கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லை. வீடுகளின் தண்ணீர் மீட்டரை முதலில் பாதி, அப்புறம் முக்கால் பங்கு அடைத்தார்கள். ஆகஸ்ட் இறுதியில் தேசியப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. கிழக்கே இறங்கும் ஆறுகள் குட்டையானவை, செங்குத்தானவை. பெய்த மழை நிற்காமல் கடலுக்கு ஓடிவிடும்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. மலைக்கு மேற்கே தோஆம் என்ற அணையைக் கட்டி, மேற்கே ஓட வேண்டிய நீரை மலையைக் குடைந்து கங்நுங் பக்கம் திருப்பி மின்சாரம் எடுத்தார்கள். மேலே மாட்டுப் பண்ணைக் கழிவும், சரிவில் போட்ட காய்கறித் தோட்டங்களின் மண்ணும் கலந்து நீர் கெட்டுப்போனதால் 2001-ல் அதை நிறுத்தினார்கள். 2025 வறட்சியில் அதே நீருக்குத்தான் ஊர் கை நீட்டியது. மேலே மண் அரிப்பை அன்றே தடுத்திருந்தால் இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது. மண் படித்தவள் என்பதால் எனக்கு இது உள்ளபடியே வருத்தம்.

ஹான் ஆறு கங்வோனில்தான் பிறக்கிறதா? (வாசகர், ஈரோடு)

ஆமாம். ஹான் மட்டும் இல்லை, நக்தோங் ஆறும் அங்கேதான். இரண்டும் தேபெக் என்ற ஒரே ஊரில் பிறக்கின்றன.

தேபெக் நகருக்கு மேலே சம்சுர்யோங் என்று ஒரு கணவாய். ‘மூன்று நீர்க் கணவாய்’ என்று பொருள். அங்கே விழும் மழை ஒரு பக்கம் ஓடினால் ஹான் ஆறாகித் தென்கொரியத் தலைநகர் சோல் வழியே மேற்குக் கடலுக்குப் போகும். இன்னொரு பக்கம் ஓடினால் நக்தோங்காகித் தெற்குக் கடலுக்கு. மூன்றாவது பக்கம் ஓசிப்சோன் என்ற ஓடையாகிக் கிழக்குக் கடலுக்கு. ‘ஓசிப்’ என்றால் ஐம்பது. கடலோரச் சம்சோக் ஊரிலிருந்து மேலே வர ஐம்பது தடவை அந்த ஓடையைத் தாண்ட வேண்டியிருந்ததாம். நான் போன அன்று தூறல். தொப்பியிலிருந்து சொட்டும் தண்ணீர் எந்தக் கடலுக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஹானின் ஊற்று கொம்ர்யோங்சோ. பாசி படர்ந்த பாறை இடுக்கிலிருந்து வருடம் முழுக்க ஒன்பது டிகிரிச் சில்லிப்பில் நீர் பொங்கிக்கொண்டே இருக்கும். நக்தோங்கின் ஊற்று ஹ்வாங்ஜி குளம், ஊருக்கு நடுவிலேயே. அந்த இடத்தில் முன்பு ஹ்வாங் என்ற பணக்காரக் கருமியின் வீடு இருந்ததாம். பிச்சைக்கு வந்த துறவியின் பையில் அவன் சாணியை அள்ளிப் போட்டான். மருமகள் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு ஒரு படி அரிசி போட்டாள். “என் பின்னாலேயே வா, என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்காதே” என்றார் துறவி. முதுகில் குழந்தையோடு நடந்தாள். பின்னால் இடி போலச் சத்தம். திரும்பிவிட்டாள். வீடு குளமாகிவிட்டது, அவள் கல்லாகிவிட்டாள். குளத்தைச் சுற்றி இப்போது கடைகள். பள்ளிவிட்ட பிள்ளைகள் அங்கே நின்று ஐஸ்கிரீம் தின்பார்கள்.

கொரியப் போரில் இந்திய ராணுவம் இருந்ததா? என் தாத்தா ஏதோ சொல்வார். (வாசகி, வேலூர்)

சண்டை போட அல்ல, காயம்பட்டவர்களைக் காப்பாற்றப் போனார்கள். 60-வது பாராசூட் மருத்துவப் படை 1950 நவம்பரில் கொரியா போய்ச் சேர்ந்தது. தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு ஜி. ரங்கராஜ். 1951 மார்ச்சில் முன்சான் என்ற இடத்தில் அமெரிக்க வீரர்களோடு இந்திய மருத்துவர்களும் பாராசூட்டில் குதித்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. முன்சான் இருப்பது கங்வோனில் இல்லை, பக்கத்து மாகாணமான கியோங்கியில். தாத்தா சொன்னதை எழுதி வையுங்கள் அம்மா.

ராஜா கதை ஒன்றுகூட எழுதவில்லையே! கங்வோனில் அரசர்களே இல்லையா? (வாசகர், கும்பகோணம்)

இருக்கிறார்கள். இரண்டு பேர். இரண்டு பேர் கதையும் நல்லபடியாக முடியவில்லை.

முதலாமவர் குங்யே. ஒரு கண் இல்லாதவர், சின்ன வயதில் துறவியாக வளர்ந்தவர். சில்லா என்ற பழைய கொரிய அரசு சரிந்துகொண்டிருந்த நேரத்தில் 901-ல் தனக்கென ஒரு அரசை அறிவித்து, 905-ல் சோர்வோன் சமவெளியில் தலைநகரம் கட்டினார். எரிமலைக் குழம்பு ஓடி இறுகிய தரை அது. மேலே நல்ல நெல் விளையும், ஓரத்தில் ஹந்தான் ஆறு தூண் தூணாக நிற்கும் எரிமலைப் பாறையை அறுத்துக்கொண்டு போகும். போகப்போக அவருக்குச் சந்தேகம் தலைக்கேறி, சொந்த மனைவி மக்களையே கொன்றார் என்று பழைய வரலாறு சொல்கிறது. தோற்றவனின் கதையை ஜெயித்தவர்கள்தானே எழுதுவார்கள், அதனால் நான் அதை முழுசாக நம்புவதில்லை. 918-ல் அவருடைய தளபதி வாங் கோன் அவரைக் கவிழ்த்துவிட்டுக் கோர்யோ அரசைத் தொடங்கினார். ‘கொரியா’ என்ற பெயரே அந்தக் கோர்யோவில் இருந்து வந்ததுதான்.

குங்யேவின் கோட்டை இன்று எங்கே என்று கேளுங்கள். இரண்டு கொரியாவுக்கும் நடுவே இருக்கும் ராணுவம் நீக்கிய பகுதிக்குள்! எல்லைக்கோடு அந்தக் கோட்டையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. தெற்குப் பக்கக் கண்காணிப்பு மேடையில் நின்றால் புல்லும் புதரும்தான் தெரியும். கண்ணிவெடி நிலம், யாரும் போய்த் தோண்ட முடியாது. குளிர்காலத்தில் சிவப்புக் கொண்டைக் கொக்குகள் அந்த வயல்களில் சிந்தின நெல்லைப் பொறுக்கும். 1952 அக்டோபரில் பக்கத்திலேயே வெள்ளைக் குதிரைக் குன்றுக்காகப் பத்து நாள் சண்டை. அந்த ஒரு குன்று பல தடவை கை மாறியது.

இரண்டாமவர் தான்ஜோங். அவர் குழந்தை. பதினோரு வயது நிறைவதற்குள் 1452-ல் அரியணை ஏறினார். 1455-ல் சித்தப்பாவே அரியணையைப் பறித்துக்கொண்டார். 1457-ல் யோங்வோல் ஊருக்கு நாடு கடத்தினார்கள். சோங்ர்யோங்போ என்ற அந்த இடத்துக்குப் படகில்தான் போக வேண்டும், இன்றைக்கும் அப்படித்தான். மூன்று பக்கம் ஆறு வளைத்துக்கொண்டிருக்கும், நாலாவது பக்கம் ஏறமுடியாத பாறை. நடுவே பைன் தோப்பு. அதில் அறுநூறு வயது மதிக்கும் ஒரு பெரிய மரம், கீழேயே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பையன் அந்தப் பிளவில் உட்கார்ந்து அழுவானாம். அவனைப் பார்த்ததும் அவன் அழுகையைக் கேட்டதும் அந்த மரம்தான் என்று அதற்கு ‘பார்த்துக் கேட்ட பைன்’ என்ற பொருளில் பெயர். அந்த வருடமே அவனைச் சாகடித்துவிட்டார்கள். உடலைத் தொட்டால் குடும்பமே அழியும் என்ற பயத்தில் யாரும் கிட்டப் போகவில்லை. ஓம் ஹுங்தோ என்ற உள்ளூர் அலுவலர் மட்டும் எடுத்துப்போய் அடக்கம் செய்தார். அரசர் என்ற பட்டம் திரும்பக் கிடைக்க 1698 வரை ஆனது. தேபெக் மலைக்காரர்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தான்ஜோங் தங்கள் மலைத்தெய்வமாகிவிட்டான் என்று கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள்.

நிலக்கரிச் சுரங்கங்களை மூடிவிட்டார்கள் என்றீர்கள். அந்த மக்கள் என்ன ஆனார்கள்? (ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, நெய்வேலி)

ஐயா, உங்கள் கடிதத்துக்குத்தான் முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் ஊரில் திறந்தவெளியில் வெட்டுவீர்கள். அங்கே மலைக்குள் குடைந்துகொண்டே கீழே போக வேண்டும். தேபெக், ஜோங்சோனின் சாபுக், கோஹான், சம்சோக்கின் தோக்யே, இவையெல்லாம் கரி ஊர்கள். தேபெக்கின் ஜாங்சோங் சுரங்கம் ஜப்பானியர் காலத்தில், 1936-ல் தொடங்கியது. போருக்குப் பிறகு நாடே இந்தக் கரியில்தான் குளிர்காய்ந்தது. கரித்தூளை உருளையாக அழுத்தி, நடுவில் வரிசையாகத் துளை போட்ட கட்டி, ‘யோன்தான்’ என்று பெயர். அடுப்பிலும் எரியும், வீட்டுத் தரைக்கு அடியிலும் எரிந்து தரையைச் சூடாக்கும். அதன் விஷப்புகையில் தூக்கத்திலேயே போனவர்களும் ஏராளம். ஆனால் ஒன்று. யோன்தான் வந்ததால்தான் ஜனங்கள் விறகு வெட்டுவதை விட்டார்கள். மொட்டையாகக் கிடந்த கொரிய மலைகளில் நட்ட மரங்கள் பிழைத்து இன்று பச்சையாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். நான் ஆறு வருடம் அளந்த காடுகளுக்குள் உங்களைப் போன்றவர்களின் உழைப்பும் இருக்கிறது.

அந்த நாளில் தேபெக்கில் தெருநாய்கூடப் பத்தாயிரம் வோன் நோட்டைக் கவ்விக்கொண்டு போகும் என்பார்களாம். 1987-ல் ஊரில் 1,20,000 பேர். 1989-ல் அரசு சுரங்கங்களைக் குறைக்கும் கொள்கையைக் கொண்டுவந்தது. மளமளவென்று மூடினார்கள். இப்போது நாற்பதாயிரம்கூட இல்லை. ஜாங்சோங் 2024 ஜூன் இறுதியில் மூடப்பட்டது. அரசின் கடைசிச் சுரங்கமான தோக்யே 2025 ஜூன் இறுதியில். சாபுக், கோஹான் வட்டாரத்தில் 2000-ல் ஒரு சூதாட்ட விடுதி திறந்தார்கள். கொரியர்கள் உள்ளே போக அனுமதி உள்ள ஒரே சூதாட்ட விடுதி அதுதான். வேலை வந்தது, வாஸ்தவம். கூடவே அடகுக்கடைகளும் வந்தன. 1980 ஏப்ரலில் கூலிக்காகத் தொழிலாளிகள் திரண்டெழுந்து, பிறகு பிடிபட்டுச் சித்திரவதைப்பட்ட ஊர் சாபுக். அந்த ஊருக்கு இதைவிட நல்லது செய்திருக்கலாம்.

சுன்சோனில் எனக்கு மாடி அறை வாடகைக்குக் கொடுத்த பாட்டி தோக்யேக்காரர். வாசலில் செருப்பைக் கழற்றி, வெளியே போகும்போது காலில் மாட்ட வசதியாக வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பது என் வழக்கம். திரும்ப வந்து பார்த்தால் செருப்பு வீட்டைப் பார்த்து இருக்கும். ஒரு மாதம் இப்படியே நடந்தது. நான் திருப்புவேன், அவர் திருப்பிவிடுவார். சுத்தம் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் கேட்டேன். சுரங்கத்துக்குப் போகிறவனின் வீட்டில் செருப்பு எப்போதும் உள்ளே பார்த்து இருக்க வேண்டும் என்றார். அப்போதுதான் ஆள் வீட்டுக்குத் திரும்பி வருவான். சாப்பாட்டு டப்பாவில் நாலு கரண்டி சோறு போடக்கூடாது, நாலும் சாவும் ஒரே உச்சரிப்பு. சுரங்கத்துக்குள் விசில் அடிக்கக்கூடாது. எலியைக் கொல்லக்கூடாது, ஆபத்தை முதலில் மோப்பம் பிடிப்பது அதுதான். அவர் கணவர் திரும்பி வந்தார், ஒவ்வொரு நாளும் வந்தார். கடைசியில் நுரையீரலில் தூசி அடைத்துப் படுக்கையில் போனார். “நீ சுரங்கத்துக்குப் போகவில்லைதான், மலைக்குத்தானே போகிறாய்” என்றார் என்னிடம். அதற்குப் பிறகு நான் செருப்பைத் திருப்பவில்லை.

நான் சைவம். கங்வோனில் பட்டினியா? (வாசகி, மயிலாப்பூர்)

கொஞ்சம் கவனமாக இருந்தால் பட்டினி இல்லை. நெல் அதிகம் விளையாத மலை மாகாணம் என்பதால் உருளைக்கிழங்கும் பாப்பரை என்ற மலைத்தானியமும்தான் பழைய சாப்பாடு. கங்வோன்காரர்களை மற்ற மாகாணத்தார் ‘உருளைக்கிழங்குப் பாறை’ என்றே கூப்பிடுவார்கள். உருளைக்கிழங்கை அரைத்து அப்படியே தட்டிச் சுடும் அடை நன்றாக இருக்கும். வேறு மாவு எதுவும் சேராத அடையை ஓரம் மொறுமொறு என்று சந்தையில் சுட்டுத் தருவார்கள். பாப்பரை மாவில் சீன முட்டைக்கோஸ் இலையை வைத்து மெலிசாக ஊற்றும் தோசை மாதிரியான ஒன்றும் உண்டு.

ஜோங்சோன் போனால் கோந்துரே என்ற மலைக்கீரையைப் போட்டு வடித்த சோறு கேளுங்கள். பஞ்சகாலத்தில் வயிற்றை நிரப்பிய கீரை, இப்போது தேடிப்போய்ச் சாப்பிடுகிறார்கள். கங்நுங்கில் சோதாங் தோஃபு. சோயாப் பாலைத் திரிக்க அங்கே கடல்நீர் ஊற்றுவார்கள். உப்பு வாங்க வசதியில்லாத ஊரில் கண்டுபிடித்த வழி என்று சொல்கிறார்கள். சோதாங் என்பது பதினாறாம் நூற்றாண்டில் அங்கே இருந்த ஹோ யோப் என்ற அறிஞரின் புனைபெயர். கவிஞர் ஹோ நான்சோல்ஹோன் அவர் மகள்.

குழம்பு எதுவானாலும் நெத்திலி போட்டுக் கொதித்ததா என்று கேளுங்கள், கிம்ச்சியில் மீன் சாறு இருக்கும். நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமானால் ஓதே மலையில் வோல்ஜோங்சா மடத்துக்குப் போங்கள். மடத்துச் சமையலில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. பக்கத்துச் சாங்வோன்சா மடத்தில் 725-ல் வார்த்த மணி இருக்கிறது, கொரியாவில் இன்று மிஞ்சியிருப்பதில் மிகப் பழையது.

2018 குளிர்கால ஒலிம்பிக்கால் கங்வோனுக்கு லாபமா நஷ்டமா? (வாசகர், மதுரை)

பியோங்சாங் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவைதான் அந்தப் போட்டியை வாங்கியது. 2017 டிசம்பரில் கங்நுங்குக்கு அதிவேக ரயில் வந்தது, அது பெரிய லாபம். சோலில் காலையில் புறப்பட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கடற்கரையில் இருக்கலாம்.

நஷ்டம் காரிவாங் மலை. 1,561 மீட்டர். ஜோசோன் காலத்திலேயே மன்னருக்கான ஜின்செங் மூலிகை விளையும் காடு, யாரும் தொடக்கூடாது என்று கல் நட்டுக் காப்பாற்றிய மலை. சில நாளே நடக்கிற பனிச்சறுக்குப் பந்தயத்துக்காகப் பல்லாயிரம் மரங்களை வெட்டினார்கள். போட்டி முடிந்ததும் காட்டைத் திரும்ப வளர்ப்போம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். வளர்க்கவில்லை. 2023-ல் அந்தக் கேபிள் காரைச் சுற்றுலாவுக்குத் திறந்துவிட்டார்கள். நான் அந்தச் சரிவில் நின்றிருக்கிறேன். மேல்மண் போய்விட்டது, வெறும் சரளைக்கல். மழை பெய்தால் கோடு கோடாக அறுக்கிறது. மேல்மண் ஒரு விரல்கடை சேர எத்தனை தலைமுறை ஆகும் என்று மண்வெட்டி பிடித்த எவருக்கும் தெரியும். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது, அந்த மலையை வெட்டியது தப்பு.

சோக்சோவில் ‘அபாய் கிராமம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அது என்ன? (வாசகி, யாழ்ப்பாணம்)

கட்டுரையில் இடம் போதவில்லை அக்கா. இங்கே சொல்கிறேன்.

1951 ஜனவரியில் தென்கொரிய, ஐ.நா. படைகள் பின்வாங்கியபோது வடகொரியாவின் ஹம்கியோங் மாகாணத்திலிருந்து கப்பலிலும் படகிலும் தெற்கே வந்தவர்கள், சண்டை நின்றதும் வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று சோக்சோவில் தங்கினார்கள். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு, யாருக்கும் வேண்டாத இடம். சில நாளில் திரும்பிவிடுவோம் என்று குழி தோண்டி, கிடைத்த பலகையை மேலே போட்டுக் குடிசை கட்டினார்கள். வடக்கே விட்டுவந்த ஊர்களின் பெயரையே சந்துகளுக்கு வைத்தார்கள். ‘அபாய்’ என்றால் அவர்கள் பேச்சில் பெரியவர், அப்பா. ஊர்ப் பெயரே அதுவாகிவிட்டது.

1953-ல் கோடு மூடியது. அவர்கள் திரும்பவில்லை. இறைச்சி அடைத்த பன்றிக் குடலும், கணவாய் மீனுக்குள் சோறு காய்கறி திணித்து வேகவைத்ததும் அவர்கள் கைப்பக்குவம், இன்று சோக்சோவின் பேர் சொல்லும் சாப்பாடு அதுதான். குளிரில் மாதக்கணக்கில் தொங்கவிட்டு, இரவில் உறைந்து பகலில் இளகிக் காய்கிற மஞ்சள் பொலாக் கருவாடும் அவர்கள் கொண்டுவந்த பழக்கம்தான். இன்ஜேயிலும் தேக்வல்யோங்கிலும் அதற்கென்றே மரப்பந்தல்கள் நிற்கின்றன. மீன் மட்டும் இப்போது ரஷ்யாவிலிருந்து வருகிறது. கிழக்குக் கடலில் அந்த மீனே இல்லாமல் போய், 2019 முதல் பிடிக்கத் தடை.

பிரிந்த குடும்பங்களின் சந்திப்பு பெரும்பாலும் வடக்குக் கங்வோனின் கும்காங் மலையில்தான் நடந்தது. கடைசியாக 2018 ஆகஸ்டில் நடந்தது. சந்திப்புக்காகக் கட்டிய மண்டபத்தை வடகொரியா இடிக்கிறது என்று 2025 பிப்ரவரியில் தென்கொரிய அரசு சொன்னது.

அபாய் கிராமத்துக்கும் சோக்சோ கடைத்தெருவுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். அதில் ஒரு தட்டைப் படகு. இன்ஜின் கிடையாது. கரைக்குக் கரை இரும்புக் கம்பி கட்டியிருக்கும். கொக்கி போட்ட கட்டையால் கம்பியைப் பிடித்து இழுத்தால் படகு நகரும். ஏறுகிறவர்களே இழுக்க வேண்டும். நான் ஏறியபோது என்னோடு ஒரு பெரியவர். எண்பதைத் தாண்டியவர், தோளில் வலைப்பை. கொக்கியை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் கையால் இழுத்தேன், நகரவில்லை. “கையால் இல்லை, நடந்துகொண்டே இழு” என்றார். கம்பியில் கொக்கியை மாட்டி, படகின் பின்பக்கம் நோக்கி நடந்தேன். படகு முன்னே போனது. பாதியில் எந்த ஊர் என்று கேட்டேன். சின்போ என்றார். வடக்கே கையைக் காட்டி, அப்பா படகில் ஏற்றியபோது தனக்கு ஏழு வயது, அம்மா தங்கச்சியோடு கரையில் நின்றாள் என்றார். அப்புறம் கரை வந்துவிட்டது. கொக்கியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு இறங்கிப் போனார்.